பீரங்கி இல்லாத படகு: ஹோகாவின் ஐம்பது ஆண்டு வேலை

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஆர்க்கன்சா ஆற்றில் ஒரு பழைய துறைமுக இழுவைப் படகை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். போர்க்கப்பல் என்றால் புரிகிறது. டக் போட்டுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? இரண்டாம் உலகப் போரில் அது அப்படி என்னதான் செய்தது?"

சுருக்கமாகச் சொன்னால் தள்ளியது, இழுத்தது, தண்ணீர் பீச்சியது. போர் இல்லாத நாளில் செய்கிற அதே மூன்று வேலைகள். ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 7-ஆம் தேதி காலையிலும் அவற்றைத்தான் செய்தது, ஓக்லாந்து நகரத் தீயணைப்புப் படகாக நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியபோதும் அவற்றைத்தான் செய்தது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாளில் அது செய்ததையே அதன் முழு ஆயுளையும் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

படகின் பெயர் ஹோகா. சூ பழங்குடியினரின் மொழியில் 'மீன்' என்று அர்த்தம். துறைமுக இழுவைப் படகுகளுக்குப் பூர்வகுடிப் பெயர் வைப்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். ஹோகாவின் வகைக்கே வோபன் வகை என்றுதான் பெயர், உடன்பிறந்த படகு ஒன்றின் பெயர் நொக்கோமிஸ். பதிவேட்டில் இது ஒய்.டி. 146. ஒய் என்றால் யார்டு, டி என்றால் டக். கடற்படைத் தளத்தின் முற்றத்தை விட்டு வெளியே போகாத வேலைக்காரப் படகு என்று அந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், மாரிஸ் ஹைட்ஸில் இருந்த கன்சாலிடேட்டட் கப்பல் கட்டும் தளத்தில் 1940 ஜூலையில் அடிக்கட்டை போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று நீரில் இறக்கினார்கள். 1941 மே மாதம் சேவைக்கு வந்தது. நீளம் 100 அடி, அகலம் சுமார் 25 அடி, எடை முந்நூற்றுச் சொச்சம் டன். பனாமா கால்வாய் வழியாக மேற்குக் கரைக்குப் போய், சான் டியேகோ, சான் பெட்ரோ என்று தொட்டு, ஹவாய் வந்து பேர்ள் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்தது. அது சேர்ந்த சில மாதங்களில் போர் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு இயந்திர விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஹோகா டீசல்-எலெக்ட்ரிக் படகு. இரண்டு டீசல் எஞ்சின்கள் மின்சாரம் எடுக்கும், அந்த மின்சாரத்தில் ஒரு பெரிய மோட்டார் சுற்றும், அது ஒற்றை இறக்கையை (புரொப்பெல்லரை) சுழற்றும். இதில் இரண்டு லாபம். முதலாவது, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்ற டீசல் எஞ்சினை நிறுத்தித் திருப்ப வேண்டியதில்லை, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றினால் போதும். ஒரு கப்பலின் விலாவில் மூக்கை வைத்து, அரைச் சுற்று தள்ளு, நிறுத்து, கால் சுற்று பின்வாங்கு என்று நாளெல்லாம் செய்கிற படகுக்கு இது பெரிய வசதி. இரண்டாவது லாபம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. நீராவிக் கப்பலுக்குக் கொதிகலன் சூடேறி அழுத்தம் வர வேண்டும். பெரிய போர்க்கப்பலுக்கு வழக்கமாக மணிக்கணக்கில் ஆகும். டீசலுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. கிளப்பினால் கிளம்பிவிடும்.

துறைமுகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இழுவைப் படகை ஓட்டுவது பலம் காட்டுகிற வேலை இல்லை, பொறுமையும் கைப்பதமும் வேண்டிய வேலை. பெரிய கப்பல் ஓட்டம் இழந்துவிட்டால் அதன் சுக்கானால் எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் ஓடினால்தான் சுக்கான் பிடிக்கும். அப்போது கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு சிறிய படகு போய் மெல்ல அழுத்தினால், அறுநூறு அடிக் கப்பலின் மறுமுனையான அமரம் எதிர்ப்பக்கம் நகரத் தொடங்கும். தொடங்கிய பிறகு அதை நிறுத்துவதுதான் கஷ்டம். பழைய இழுவைப் படகுகளின் மூக்கில் கயிற்றைப் பின்னிப் பின்னி ஒரு தடித்த மெத்தை தொங்கவிட்டிருப்பார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் கிழவனின் தாடி மாதிரி இருக்கும். தள்ளும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அந்தத் தாடிதான். அது கப்பலில் பட்டு நசுங்கும், பின்னால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரளும், கப்பலோ அசையாததுபோலத் தெரியும். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு ஆள் விழுகிற அளவு இடைவெளி வந்திருக்கும்.

இனி அந்தக் காலைக்கு வருவோம்.

தாக்குதல் 8 மணிக்குச் சற்று முன்னால் தொடங்கியது. ஹோகா கட்டியிருந்த இடம் 'டென்-டென்' துறைமேடைக்குப் பக்கம். அந்தத் துறைமேடையின் நீளம் 1,010 அடி, அதனாலேயே அந்தப் பெயர். முதல் குண்டு விழுந்த பத்து நிமிடத்துக்குள் ஹோகா வடத்தை அவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. தலைவர் ஜோ மெக்மேனஸ், தலைமை போட்ஸ்வெய்ன்ஸ் மேட் பதவியில் இருந்தவர். நம் ஊர்த் துறைமுக மொழியில் சொன்னால் ஒரு மூத்த செராங். அதிகாரி வகுப்பில்லை. கூட இருந்தது பத்துப் பேர் சுமார். படகில் பீரங்கி கிடையாது.

முதல் வேலை தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்த இரண்டு மாலுமிகளைத் தூக்கிக் கரை சேர்த்தது. அடுத்தது ஒக்லாலா. இது பழைய பயணிக் கப்பலைக் கண்ணிவெடி பதிக்கும் கப்பலாக மாற்றியது, ஹெலினா என்ற குரூசருக்கு வெளிப்பக்கம் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. அந்தத் துறைமேடை வழக்கமாகப் பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலின் இடம். அன்று அது உலர்துறையில் இருந்தது. போர்க்கப்பல் இருக்கிறது என்று நினைத்து வந்த ஜப்பானிய விமானம் ஒன்று விட்ட டார்பிடோ ஒக்லாலாவின் அடிவயிற்றுக்குக் கீழே நழுவிப் போய் ஹெலினாவில் வெடித்தது. ஹெலினா தாங்கிக்கொண்டது. கிழட்டு ஒக்லாலாவோ அந்த அதிர்ச்சியிலேயே தையல் விட்டு நீர் ஏறத் தொடங்கியது. அடி படாமலேயே பயத்தில் செத்த கப்பல் என்று மாலுமிகள் பிற்பாடு கிண்டல் செய்தார்கள். ஒக்லாலா அங்கேயே கவிழ்ந்தால் ஹெலினா சுவருக்கும் பிணத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இழுவைப் படகுகள் அதை இழுத்து ஹெலினாவுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துறைமேடையில் கட்டின. 10 மணி சுமாருக்கு ஒக்லாலா பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது, ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில்.

பிறகு வெஸ்டல். இது பழுதுபார்க்கும் கப்பல், அரிசோனா என்ற போர்க்கப்பலின் பக்கத்தில் ஒட்டிக் கட்டியிருந்தது. அரிசோனாவின் முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தபோது வெஸ்டலின் கேப்டன் காசின் யங் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார். எண்ணெய் மிதந்த நீரில் நீந்தித் திரும்பவும் தன் கப்பலில் ஏறினார். வடங்களை வெட்டச் சொன்னார். அப்போது வெஸ்டலின் அணியத்தை எரிகிற அரிசோனாவிடமிருந்து இழுத்துப் பிரித்தது ஒரு இழுவைப் படகு. அந்த வேலையும் ஹோகாவின் கணக்கில்தான் வருகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் முன்னுரை என்று வைத்துக்கொள்ளலாம். ஹோகாவின் பெயர் நிலைத்தது நெவாடாவால்.

துறைமுகத்தில் வரிசையாகக் கட்டியிருந்த போர்க்கப்பல்களில் அன்று நகர முடிந்தது நெவாடா ஒன்றுக்குத்தான். காரணம் தற்செயல். துறைமுகத்தில் நிற்கும்போது விளக்குக்கும் மற்றதுக்கும் ஒரு கொதிகலன் போதும், அன்று காலை இரண்டாவதையும் மூட்டியிருந்தார்கள். அதனால் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. கேப்டன் கரையில் இருந்தார். கப்பலில் இருந்தவர்களில் மூத்தவர் பிரான்சிஸ் தாமஸ் என்ற லெப்டினன்ட் கமாண்டர். எட்வின் ஹில் என்ற தலைமை போட்ஸ்வெய்ன் மேடைக்குப் போய் வடத்தை அவிழ்த்துவிட்டு, நகர்கிற கப்பலுக்கு நீந்தியே திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் குண்டில் இறந்தார்.

வழக்கமாக அந்த அளவு கப்பல் கிளம்ப நான்கு இழுவைப் படகு வேண்டும். நெவாடா ஒன்றுகூட இல்லாமல் எரிகிற அரிசோனாவைத் தாண்டி வந்தது. அதற்குள் ஒரு டார்பிடோ வாங்கியிருந்தது. இரண்டாவது அலையில் வந்த ஜப்பானிய விமானிகள் ஓடுகிற போர்க்கப்பலைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன்மேல் கவிழ்ந்தார்கள். ஆறுக்கும் குறையாத குண்டுகள் விழுந்தன. முன்பகுதி முழுக்கத் தீ. பேர்ள் ஹார்பருக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான், ஒடுங்கிய கால்வாய். அதில் நெவாடா படுத்தால் உள்ளே இருப்பது வெளியே போக முடியாது, வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டாம் என்று கட்டளை வந்தது. நெவாடா ஆஸ்பத்திரி முனை என்ற இடத்தில் மூக்கைக் கரையில் ஏற்றி நின்றது.

பல கட்டுரைகளில் இதோடு கதை முடிந்துவிடும். நெவாடா தரைதட்டியது, காப்பாற்றப்பட்டது என்று. அப்படி இல்லை. மூக்குதான் கரையில் இருந்தது. உடம்பு கால்வாயில். ஓட்டத்தில் அமரம் சுழன்றுகொண்டிருந்தது, முன்பக்கம் தீ, அடியில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. அங்கேயே விட்டால் வழுக்கி ஆழத்துக்குள் போகலாம். அந்த நேரத்தில் ஹோகா வந்தது. கூடவே அவோசெட். அது கண்ணிவாரிக் கப்பலாகக் கட்டப்பட்டு அப்போது கடல்விமானங்களுக்குத் துணைக்கப்பலாக இருந்தது. ஹோகா நெவாடாவின் அணியத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு முதலில் குழாய்களைத் திறந்து தீயை அடித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து நெவாடாவைக் கரையிலிருந்து பெயர்த்து, கால்வாயின் மறுபக்கம் வைப்பியோ முனையில் கெட்டியான மணலில் கொண்டுபோய் ஏற்றின. அப்போது மணி 10.45 சுமார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நெவாடா 583 அடி, கிட்டத்தட்ட 30,000 டன். ஹோகா 100 அடி, முந்நூற்றுச் சொச்சம் டன். எடையில் தொண்ணூறு மடங்கு வித்தியாசம். ஆனால் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் இழுவைப் படகைப் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். மிதக்கிற எடையைத் தள்ளுவது அன்றாட வேலைதான். அன்று அசாதாரணமாக இருந்தது அந்த எடை எரிந்துகொண்டிருந்தது என்பதும், தள்ளுகிறவர்களுக்குத் தப்பிக்க இடம் இல்லை என்பதும்தான். எரிகிற கப்பலின் அணியத்தில் உங்கள் படகைக் கட்டுகிறீர்கள் என்றால், அது வெடித்தால் நீங்களும் சேர்த்துத்தான். அரிசோனாவின் முன்பக்கம் வெடித்ததைக் கண்ணால் பார்த்த இரண்டரை மணி நேரத்துக்குள் இன்னொரு போர்க்கப்பலின் முன்பக்கத்தில் போய் வடம் போட்டார்கள். எனக்கு இந்த ஒன்று போதும்.

அன்று இழுவைப் படகுகள் பாதுகாப்பானவை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹோகாவைக் குறிவைத்து யாரும் குண்டு வீசவில்லை, டக் போட்டுக்குக் குண்டை வீணாக்குவார்களா? ஆனால் பக்கத்தில் இருந்ததால் அடிபட்டது சொட்டோயோமோ. இன்னும் பழைய இழுவைப் படகு. மிதக்கும் உலர்துறைக்குள் ஷா என்ற நாசகாரிக் கப்பலோடு சேர்த்து ஏற்றியிருந்தார்கள். ஷாவின் முன்பக்கம் வெடித்த புகைப்படம் உலகப் பிரசித்தம். அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது சொட்டோயோமோ. உலர்துறையோடு மூழ்கியது. பிறகு தூக்கி எடுத்து, பழுது பார்த்து, 1942-லேயே வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நெவாடா அங்கே மூழ்கியிருந்தால் வாசல் உண்மையிலேயே அடைபட்டிருக்குமா, சுற்றிப்போக இடம் இருந்திருக்குமா என்று சில வரலாற்றாளர்கள் பிற்காலத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புகையில் பத்தடி தூரம் தெரியாத காலையில் முடிவெடுத்தவர்கள் அளவுநாடா வைத்துக்கொண்டு முடிவெடுக்கவில்லை. அடைபடலாம் என்றால் அகற்று, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், கெட்டி மணலில் ஏற்றியதால் நெவாடாவை மறுபடி மிதக்கவிட முடிந்தது. 1942 பிப்ரவரி 12 அன்று மிதந்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் குண்டு போட்டது, பிறகு ஐவோ ஜீமா, ஒக்கினாவா. கப்பலின் அறுபது பேர் அன்று இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெவாடா முடிந்ததும் ஹோகா போர்க்கப்பல் வரிசைக்குத் திரும்பியது. மேரிலாந்து, டென்னசி, அரிசோனா. இங்கே எதிரி தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெய். உடைந்த கப்பல்களின் எரிபொருள் நீர்ப்பரப்பில் விரிந்து எரிந்துகொண்டிருந்தது. டென்னசியைப் பக்கத்தில் மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியா இறுக்கிப் பிடித்திருந்ததால் அசைய முடியவில்லை. எரியும் எண்ணெய் தன்னிடம் வராமலிருக்க டென்னசி தன் இறக்கைகளை முன்னோக்கிச் சுழற்றி, அந்த நீரோட்டத்தால் தீயைத் தள்ளிக்கொண்டே நின்றது. இழுவைப் படகுகள் குழாய் நீரால் அதே வேலையைச் செய்தன. கப்பலில் தீயணைப்பது என்றால் வீட்டில் தீயணைப்பது போல நேராக நெருப்பின்மேல் ஊற்றுவது மட்டும் இல்லை, அதிகமாக ஊற்றினால் கப்பலே நீர் ஏறிக் கவிழும். இரும்பைக் குளிர வைக்க வேண்டும், எண்ணெயை வேறு பக்கம் துரத்த வேண்டும், ஆட்கள் இறங்க ஒரு பாதையைத் திறந்து வைக்க வேண்டும்.

அரிசோனாவின் தீயோடு ஹோகா ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து செவ்வாய் பகல் 1 மணி வரை மல்லுக்கட்டியது. நாற்பத்தைந்து மணி நேரம். அந்தக் கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். காப்பாற்ற உள்ளே அநேகமாக யாரும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும் அணைத்தே ஆக வேண்டிய தீ அது. பத்துப் பேர் மாறி மாறிக் குழாய் பிடித்திருப்பார்கள், நின்றபடியே தூங்கியிருப்பார்கள். உப்புநீரும் எண்ணெய்ப் புகையும் முகத்தில் அப்பி, ரொட்டி கொடுத்தால் அதிலும் எண்ணெய் வாடைதான் அடித்திருக்கும்.

1942 பிப்ரவரியில் பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் மெக்மேனஸுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். அதில் நெவாடாவின் பெயர் வராது, செயலிழந்த "இன்னொரு கப்பல்" என்றுதான் வரும். அணியத்தில் கட்டித் தீயணைத்ததையும், கால்வாயில் மூழ்கிவிடும் அபாயத்தில் இருந்த கப்பலைக் கரையேற்ற உதவியதையும் சொல்லி, படகில் இருந்த ஒவ்வொருவரையும் சேர்த்தே பாராட்டியிருக்கிறார். ஒரு செராங்குக்கும் அவர் ஆட்களுக்கும் கடற்படையின் உச்சியிலிருந்து கடிதம் வருவது சாதாரணம் இல்லை.

இடையில் நம் பக்கத்து விஷயம் ஒன்று. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் காகா நீங்கலாக மற்ற ஐந்தும் நான்கே மாதத்தில் இலங்கைக்கு வந்தன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு. 9-ஆம் தேதி திருகோணமலை. கொழும்பில் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடியும் துறைமுகம். கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே ஹெக்டர் என்ற கப்பல் எரிந்து மூழ்கியது. ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியக் கப்பல்களை முன்கூட்டியே வெளியே அனுப்பியிருந்ததால் இங்கே ஒரு போர்க்கப்பல் வரிசை சிக்கவில்லை. பேர்ள் ஹார்பரைத் தூரத்துக் கதையாகப் படிக்கிற நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டிசம்பர் 7-க்குப் பிறகு ஹோகாவின் போர் எப்படி இருந்தது? சொல்வதற்குச் சுவாரசியம் குறைவு, செய்வதற்கு வேலை அதிகம். போர் முடியும் வரை பேர்ள் ஹார்பரிலேயே இருந்தது. மூழ்கியவற்றை ஒவ்வொன்றாக எழுப்பினார்கள்: கலிஃபோர்னியா 1942 மார்ச்சில், வெஸ்ட் வர்ஜீனியா மே மாதத்தில். கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவை நிமிர்த்தவே 1943 ஆகிவிட்டது. எழுப்பிய ஒவ்வொரு கப்பலையும் உலர்துறை வாசல்வரை நகர்த்த வேண்டும். மிட்வே போருக்கு முன்னால் அடிபட்டு வந்த யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 1942 மே 27 அன்று உள்ளே வந்து 30 அன்று வெளியே போனது. அந்த மூன்று நாள் மாதிரி நாட்கள் துறைமுகத்துக்கு வழக்கமாகிவிட்டன. 1944 மே மாதம் பேர்ள் ஹார்பரின் வெஸ்ட் லாக் பகுதியில் படையிறக்கும் கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்தபோது எரிகிற கப்பல்களின் நடுவே போய்த் தண்ணீர் அடித்ததும் துறைமுகத்துச் சிறு படகுகள்தான். அந்த விபத்து போர் முடிந்தும் வெகுகாலம் ரகசியமாகவே இருந்தது. அதே மாதம்தான் ஹோகாவின் பதிவு ஒய்.டி.யிலிருந்து ஒய்.டி.பி. என்று மாறியது. கடைசி எழுத்து 'பெரியது' என்பதற்கு. 1962-ல் மறுபடி ஒய்.டி.எம். என்று மாற்றினார்கள், அதாவது 'நடுத்தரம்'. படகு அப்படியேதான் இருந்தது, சுற்றி வந்த மற்றப் படகுகள் பெரிதாகிவிட்டன.

1948-ல் ஹோகாவின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் தன் துறைமுகத்துக்கு ஒரு தீயணைப்புப் படகு தேடிக்கொண்டிருந்தது. கடற்படை ஹோகாவை இரவல் கொடுத்தது. விற்கவில்லை, இரவல்தான். பதிவேட்டில் அது கடற்படைச் சொத்தாகவே தொடர்ந்தது. கூடுதல் பம்புகளும் நீர்பீரங்கிகளும் வைத்தார்கள். மாற்றியமைத்த பிறகு நிமிடத்துக்கு 10,000 காலன் தண்ணீர் பீச்ச முடிந்தது. நம் கணக்கில் 38,000 லிட்டர் சுமார். தெருவில் வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றை ஒரே நிமிடத்தில் காலி செய்வது போல. கடலே தொட்டி என்பதால் தீர்ந்துபோகும் என்ற பயமும் கிடையாது. முதலில் 'போர்ட் ஆஃப் ஓக்லாந்து' என்று பெயர் மாற்றினார்கள், பிறகு 'சிட்டி ஆஃப் ஓக்லாந்து'.

புது வேலையில் சேர்ந்தது 1948 ஜூலை 4. அதே மாதம் 31-ஆம் தேதி, ஹவாய்க்குத் தென்மேற்கே, நெவாடாவைக் கடற்படையே இலக்காக வைத்துச் சுட்டு மூழ்கடித்தது. பிகினித் தீவில் இரண்டு அணுகுண்டு சோதனைகளைத் தாங்கி நின்ற கப்பல் அது, கதிர்வீச்சால் வேறெதற்கும் உதவாமல் போயிருந்தது. ஏழு வருடம் முன்னால் அதை மணலில் ஏற்றி வைத்த படகு அந்த வாரம் ஓக்லாந்தில் புது பெயின்ட்டோடு நின்றிருக்கும்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஓக்லாந்தில் ஓடியது. சரக்குக் கிடங்கு எரிந்தாலும் கப்பல் எரிந்தாலும் அதுதான். ஒருமுறை ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அதில் ஏறித் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தார். 1989 ஜூனில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அறிவித்தபோது அது ஓய்வில் இல்லை. தீயணைப்புத் துறையின் வேலைப் படகு. அதாவது அலாரம் அடித்தால் அரசாங்கத்தின் வரலாற்றுச் சின்னம் ஒன்று எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு ஓடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதைவிட இது நல்ல மரியாதை.

1990-களின் நடுவில் படகு கடற்படைக்குத் திரும்பியது. 1996-ல் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கினார்கள். அதன்பின் கலிஃபோர்னியாவின் சுசூன் விரிகுடாவில், பழைய கப்பல்களை வரிசையாகக் கட்டிப்போடுகிற இடத்தில், கிட்டத்தட்ட இருபது வருடம் துருவேறக் கிடந்தது. பேர்ள் ஹார்பரில் கூடவே தீயணைத்த நொக்கோமிஸுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை, கடைசியில் உடைத்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஹோகாவை ஆர்க்கன்சாவின் நார்த் லிட்டில் ராக் நகரத்துக்குக் கொடுப்பதாக 2005-ல் கடற்படை முடிவு செய்தது. முடிவுக்கும் வந்து சேர்ந்ததற்கும் நடுவில் பத்து வருடம். பணம் திரட்ட வேண்டும், கூட்டைச் செப்பனிட வேண்டும், பசிபிக் கரையிலிருந்து நாட்டின் நடுப்பகுதிக்குக் கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் கொண்டுவர வேண்டும். 2015 நவம்பரில் வந்தது. தன் எஞ்சினில் வரவில்லை. ஆயுளெல்லாம் மற்றவற்றை இழுத்த படகை மற்றவர்கள் சுமந்தும் இழுத்தும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கடலே இல்லாத ஊரில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஏற்கெனவே ரேசர்பேக் என்ற நீர்மூழ்கி நிற்கிறது. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது அங்கே இருந்த கப்பல்களில் அதுவும் ஒன்று. பின்னாளில் துருக்கிக் கடற்படையிலும் முராத்ரெயிஸ் என்ற பெயரில் வேலை பார்த்துவிட்டு வந்தது. ஒன்று அமெரிக்காவுக்குப் போர் தொடங்கிய காலையில் இருந்தது, இன்னொன்று முடிந்த காலையில். இரண்டும் இப்போது ஆர்க்கன்சா ஆற்றில் ஒரே அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. போகிறவர்கள் நீர்மூழ்கிக்குள் இறங்கத்தான் முதலில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் போனால் முதலில் ஹோகாவின் மூக்குப் பக்கம் போய் நின்று, அந்த உயரத்திலிருந்து 583 அடிக் கப்பல் ஒன்றை நிமிர்ந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் அளந்து பாருங்கள்.